கோபுரம் இல்லாத பதினான்கு படங்கள்

என் கணவரை அறிய முன்பே அவருடைய சப்பாத்தை எனக்குத் தெரியும். மண்ணிறத் தோல், முனை சற்றுக் கூர், கயிறு இரண்டு பக்கமும் அளவாகக் கட்டியது. 1985இல், வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில், அம்மாவும் சின்னம்மாவும் அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, சப்பாத்திலிருந்து மேல்நோக்கி மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். முகத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“நல்ல சப்பாத்து” என்றார் அம்மா.

“கோட்டும் நல்ல கோட்டு. பின்னால தெரியிற வீடு ஆர்ர?” என்று சின்னம்மா கேட்டார்.

அது வீடல்ல. ஜெர்மனியில் ஒரு பழைய நகரத்தின் பேராலயம். எத்தனையோ நூறு வருடங்களாக அங்கே நிற்கிறது. ஆனாலும் சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. படத்தில் தெரிந்தது நாலு படியும் ஒரு கதவின் பாதியும்தான். அதற்கு மேலே இருந்த அத்தனையும், கோபுரம் உட்பட, வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் படத்துக்கு அந்தக் காலத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆள் விழவேண்டும். இடுப்போடு நின்ற படம் வந்தால், “காலில ஏதும் குறையோ?” என்று கேட்பார்கள். சப்பாத்து மட்டமாக இருந்தால், ஆள் அங்கே என்ன செய்கிறார் என்று விசாரிக்க இன்னொருவரைப் பிடிப்பார்கள். அதனால்தான் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த பொடியன்கள் யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். ஒரே சிவப்புக் கார் மூன்று மாப்பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்ததை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறோம்.

எனக்கு வந்தவர் காரில் சாயவில்லை, கட்டடங்களுக்கு முன்னால் நின்றார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது என்று சொன்னால் மகள் இப்போதும் சிரிக்கிறாள்.

சம்பந்தம் முற்றான பிறகு அவர் ஜெர்மனியை விட்டு வெளிக்கிட மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் எங்கள் குடித்தனம் கடிதத்தில்தான் நடந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு படம். படத்தின் பின்பக்கத்தில் ஓர் இலக்கமும் ஒரு வரியும் இருக்கும். ‘இலக்கம் 1. போன ஞாயிறு இந்தப் பாலத்துக்குப் போனேன்.’ ‘இலக்கம் 5. நகர மண்டபம். போன ஞாயிறு இங்கே நின்றேன்.’ சம்பந்தப் படமாக முதலே வந்துவிட்ட ஒன்பதோடு சேர்த்து, இப்படியே பதினான்கு வரை வந்தது. எல்லாவற்றிலும் அதே கோட்டு, அதே சப்பாத்து. பாலத்துக்கு வளைவு இல்லை, மண்டபத்துக்குக் கூரை இல்லை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மணிக்கூடே இல்லை. அந்த ஊரை நான் ஆறடி உயரம் வரைக்கும்தான் அறிந்திருந்தேன்.

பிறகு மெல்பேணில் மல்கிரேவில் இருந்த அவருடைய அண்ணா ஸ்பொன்சர் செய்து, அவர் ஒஸ்ரேலியாவுக்கு வந்து, சிட்னியில் பஸ் ஓட்டும் வேலை எடுத்தார். 1989இல் நான் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் அவரை முதல் தடவையாக நேரில் கண்டபோது வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். கண்ணில் பட்டது கால். வெள்ளை ரப்பர் சப்பாத்துப் போட்டிருந்தார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஹோம்புஷில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடும்பம் தொடங்கியது. அவருடைய சேர்டிபிக்கேற்றுகள் வைத்திருந்த ஃபைலுக்குள்தான் அந்தத் தாளைக் கண்டேன். நாலாக மடித்தது, மடிப்புகள் கிழிந்து ரேப் ஒட்டியது. ஒரு பக்கம் அந்தப் பழைய நகரத்தின் வரைபடம், அதில் பதினான்கு இலக்கங்களைத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு சிவப்புக் கோடு. மறுபக்கம் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஆங்கிலத்தில் நாலு வரி. வழிகாட்டி தேவையில்லை, நீங்களாகவே நடந்து பாருங்கள், ஆறுதலாக நடந்தால் இரண்டு மணித்தியாலம் என்று மேலே போட்டிருந்தது. போய்ச் சேர்ந்த முதல் கிழமையிலேயே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இலவசமாகக் கொடுத்தார்களாம். அகதிகளை வைத்திருந்த விடுதி ஊரின் தொங்கலில், கடைசி எல்லையில் இருந்தது. வேலை செய்யக் கூடாது. அனுமதிக் கடிதம் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விடிந்தால் செய்வதற்கு இருந்தது நடை ஒன்றுதான். அந்தச் சிவப்புக் கோட்டில் எத்தனை நூறு தடவை நடந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

“என்னையும் ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போங்கோ” என்று அன்றைக்கே கேட்டேன்.

“பாப்பம்” என்றார்.

அந்தப் ‘பாப்பம்’ பதினேழு வருடம் நீண்டது. மாரியில் கேட்டால், “அங்க இப்ப வெக்கை, சனமும் கூட” என்பார். கோடையில் கேட்டால், “அங்க இப்ப குளிர், உமக்கு ஒத்துவராது” என்பார். சிங்கப்பூருக்குப் போனோம். இந்தியாவில் இருக்கிற கோயிலெல்லாம் போனோம். மல்கிரேவுக்கு அண்ணா வீட்டுக்கு ஒன்பது மணித்தியாலம் காரோட்டிப் போய், அடுத்த நாளே திரும்பி வருவார். ஜெர்மனி என்றால் மட்டும் ஆள் கல்லுப் பிள்ளையார். அவருக்கு அங்கே என்னிடம் காட்டக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. பெண் ஒருத்தியோ என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஒருநாள் கேட்டும் விட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அந்தச் சந்தேகம் போனது, முள் போகவில்லை.

2006இல் நான் வென்றேன். மகளைப் பிடித்து ரிக்கெற் போடுவித்தேன், மே மாதத்துக்கு. மார்ச்சில், பஸ் டிப்போவில், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டார். பெரிய ஒப்பரேஷன். நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்துத் தைத்தார்கள். ரிக்கெற் போனது. பஸ் ஓட்டும் லைசன்ஸை நிறுத்தி வைத்தார்கள். டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், இவருக்கு இனிமேல் நடைதான் மருந்து, நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி நடக்கவேண்டும், நடக்காவிட்டால் திரும்பவும் இங்கேதான் வருவார் என்று.

ஆனால் ஆள் நடக்கவில்லை. பதினேழு வருடம் பஸ்ஸில் இருந்த இடத்தில் இருந்து ஊரைச் சுற்றிய மனிதர், இப்போது கதிரையில் இருந்து ரிவியைச் சுற்றினார். “நாளைக்கு” என்பார். “நெஞ்சு இழுக்குது” என்பார். வாசல் வரை போய்த் தபாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, “இண்டைக்கு நடந்திட்டன்” என்பார். கெஞ்சினேன், ஏசினேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, “அப்பா, ப்ளீஸ்” என்று சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதரைப் பார்க்காமலே மூன்று வருடம் காத்திருந்தவள், இப்போது கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இழந்துவிடுவேனோ என்று பயம். குசினிக்குள் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதிருக்கிறேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ஃபைலைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தேன்.

“உது ஏன் இப்ப?”

“ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டுதானே படுத்தனீங்கள். நான் இஞ்சயே பாக்கப் போறன். எழும்புங்கோ. இலக்கம் ஒண்டு, கல்லுப் பாலம்.”

“உமக்கென்ன விசரே? இஞ்ச எங்க கல்லுப் பாலம்?”

“பரமட்டா ஆத்துக்கு மேல கிடக்குத்தானே. அதுக்கு மேலால எத்தினை வருசம் பஸ் ஓடினீங்கள்?”

அவர் யோசித்தார். “அது பாலமோ? நான் றோட்டெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு ஓடினனான்.”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தால் நெஞ்சு நோகும் என்று தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படித்தான் எழும்பினார்.

நாங்கள் பிறகு வாங்கிய வென்ற்வேத்வில் வீட்டிலிருந்து பரமட்டாவுக்கு நான் கார் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து காலால் பிறேக் போட்டுக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் காரை விட்டுவிட்டு, தாளை விரித்தேன். நான் பரமட்டாவில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவள், ஒவ்வொரு மூலையும் தெரியும். அதனால் முதல்நாளே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, கல்லுப் பாலம். ஐந்து, நகர மண்டபம், அதுவும் இங்கே இருக்கிறது. ஒன்பது, பேராலயம். அதற்குப் பரமட்டாவின் இரட்டைக் கோபுரத் தேவாலயம். பதினான்கு, ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள பழைய மதில். மதிலுக்கு நான் எங்கே போவேன்? ரயில் நிலையத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். நகைக்கடையும் சப்பாத்துக்கடையும் மற்ற இலக்கங்களுக்கு நின்று உதவின.

பாலத்துக்குக் கீழே வெள்ளைக் கொக்குகள் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டு நின்றன. நான் தாளைப் பார்த்து வாசித்தேன். பாலத்தின் நடுவில் நின்று இடப்பக்கம் திரும்பினால் ஆற்றின் அழகிய வளைவு தெரியும் என்று போட்டிருந்தது. அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வாத்து ஒன்று போனது.

“அங்க உண்மையா எப்பிடி இருக்கும்?” என்று கேட்டேன்.

“காத்து. பாலத்தில காத்து அடிச்சா காது கழண்டு போகும். ரண்டு கையாலயும் பொத்திக்கொண்டு ஓடுவம்.”

அவ்வளவுதான் முதல் நாள். ஆனால் நடந்தார். அடுத்த நாள் இரண்டாம் இலக்கம். முதல் கிழமையில் நாலு, பிறகு கிழமைக்கு ஒன்று. ஒவ்வோர் இலக்கத்திலும் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு நான் வாசிப்பேன், அவர் தன் கதையைச் சொல்வார். தாளில் இருந்ததும் அவர் சொன்னதும் ஒருநாளும் ஒட்டவில்லை. நகர மண்டபத்தின் தூண்களில் செதுக்கிய சிங்கங்களைப் பற்றி நான் வாசித்தால், “அதுக்கு முன்னால சனிக்கிழமை மரக்கறிச் சந்தை. மூடேக்க நல்ல கோவா ரண்டு மூண்டை விட்டுட்டுப் போவினம்” என்பார். பழைய கிணற்றுச் சதுக்கத்தைப் பற்றி வாசித்தால், அங்கே இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் நின்றால் குளிராது என்பார். ரோட்டால் போகும் பஸ்களில் இருந்து அவருடைய பழைய கூட்டாளிகள் ஹோர்ன் அடித்துப் போனார்கள். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக் கை காட்டுவார்.

“கோபுரம் எவ்வளவு உயரம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எந்தக் கோபுரம்?”

“பேராலயத்துக் கோபுரம். என்ர படத்தில வெட்டுப்பட்டதெல்லோ. நாலு வருசம் அங்க இருந்தனீங்கள், தெரியாதோ?”

“நான் மேல பாக்கேல்லையப்பா” என்றார். “நிலத்தைப் பாத்துத்தான் நடந்தது. ஐஸ் கிடக்கும். விழுந்து கையை முறிச்சா ஆர் பாக்கிறது? அண்ணாந்து பாக்கிறது ஊர் பாக்க வந்த ஆக்கள்.”

அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்தது. அந்த ஊரை ஆறடிக்கு மேல் அறியாதவள் நான் மட்டுமல்ல, அவரும்தான்.

ஆறாவது கிழமை ஒன்பதாம் இலக்கத்துக்கு வந்தோம். தேவாலயத்துக்கு முன்னால் புல்தரையில் வெயில். அவர் நன்றாகத் தேறியிருந்தார், எனக்கும் வாய் கொழுத்திருந்தது. அன்றைக்கு அல்பத்திலிருந்து ஒன்பதாம் படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

“பாருங்கோ, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என்ன ஸ்டைலா நிக்கிறீங்கள்! இந்த நிலையைப் பாத்துத்தான் சின்னம்மா ஓமெண்டவ.”

“ஸ்டைலோ? அது சப்பாத்து கடிச்சது. குதி தோல் கழண்டு போச்சு.”

“உங்கட சப்பாத்து ஏன் உங்களைக் கடிச்சது?”

“என்ரயில்லை. கோட்டும் என்ரயில்லை. என்னோட அறையில இருந்த பொடியன்ர. அவன்ர கால் சின்னக் கால்.”

இரவல் கோட்டு என்பது ஒன்றும் இடியல்ல. நான்கூட அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அடுத்ததாக அவர் சும்மா சொல்வதுபோல் ஒன்றைச் சொன்னார். “காலமை பாலத்தில துவங்கினது, பின்னேரம் முடிய ரண்டு காலும் கொப்புளம்.”

“என்னது? பதினாலும் ஒரே நாளோ?”

அவர் வாயை மூடிக்கொண்டார். இனி மூடி என்ன?

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கன்னம் சுடுகிறது. ‘போன ஞாயிறு இங்கே நின்றேன்.’ பதினான்கு போன ஞாயிறுகள்! கொழும்பில் ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும், இப்போது அவர் எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறாரோ, அடுத்த கடிதத்தில் எது வருமோ என்று நினைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றிருக்கிறேன். கடைசியில் அது மூன்று வருடமில்லை, ஒரு நாள். தாளை அவருடைய கையில் திணித்துவிட்டுக் காரை நோக்கி நடந்தேன். அவர் பின்னால் வந்தார். “இஞ்சேரும், நில்லும்” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பாலம் வரைக்கும் ஓரிடத்திலும் இருக்காமல் வந்து என்னைப் பிடித்துவிட்டார். டொக்டர் சொன்னதற்கு இரண்டு மடங்கு தூரம் அது. கோபத்துக்குள்ளும் நான் அதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து பேசாமல் பதினான்கு படத்தையும் மேசையில் இலக்கப்படி அடுக்கினேன். இருபது வருடமாகப் பார்த்த படங்கள். இப்போதுதான் கண் திறந்தது. பாலத்தில் காலை வெயில். போகப் போக நிழல் சுருங்கி, பிறகு மறுபக்கம் நீளுகிறது. பதினான்காம் படத்தில் வெயில் மஞ்சளாக இருக்கிறது. காலும் அப்படியே. முதல் படத்தில் இரண்டு காலும் நேராக, ஐந்தில் ஒரு கால் லேசாக மடங்கி, கடைசிப் படத்தில் மனிதர் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதோடு இன்னொன்றும் கண்டேன். ஏழெட்டுப் படங்களின் கீழ்ப்பக்கத்தில் வேறொரு நிழல். தலை, தோள், விரித்த இரண்டு முழங்கைகள். இத்தனை காலமும் அதை மரத்தின் நிழல் என்று நினைத்தேனோ என்னவோ, யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். குற்றமுள்ள நெஞ்சு. ஒன்பதிலிருந்து தொடங்கினோம். பத்தாம் இலக்கத்துக்குப் போகும் வழியில் கேட்டேன்.

“படம் எடுத்தது ஆர்?”

அவர் நிற்கவில்லை. பத்தாம் இலக்க வாங்கையும் தாண்டினார், பதினொன்றையும் தாண்டினார். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில்தான் போய் இருந்தார். பதினான்காம் இலக்கம். மூச்சு வாங்கியது. நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்.

“அவன்தான் எடுத்தவன்” என்றார். “மட்டக்களப்புப் பக்கப் பொடியன். என்னைவிட ரண்டு வயசு இளமை. தேவாலயத்தில குடுத்த பழைய உடுப்புக்குள்ள அந்தக் கோட்டும் சப்பாத்தும் அவனுக்கு விழுந்தது. ராசா மாதிரி இருப்பான் போட்டால். அவனுக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவை. தாய் படம் கேட்டுக் கடிதத்துக்கு மேல கடிதம். முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம் ஒண்டு சேர்ந்து வாங்கினனாங்கள். எனக்குப் பதினாலு, அவனுக்குப் பதினாலு, மிச்சம் விடுதிப் பொடியளுக்கு. அந்தத் தாளைக் கொண்டுபோய் ஒண்டு ரண்டு எண்டு வரிசையா எடுப்பம் எண்டதும் அவன்தான்.”

“ஏன் உங்களுக்கு முதல்?”

“மூத்தவருக்கு முதல் ஆகவேணும் எண்டான். அண்ணன் இருக்கத் தம்பி மாப்பிள்ளை ஆகிறதோ எண்டு பகிடி விட்டான். அண்டைக்கு முழுக்க என்ர கன்வஸ் சப்பாத்துக்குள்ள கடதாசி அடைஞ்சு போட்டுக்கொண்டு, ஈரத்துக்குள்ள நடந்தான். நான் கோபுரமும் விழ எடு எண்டு சொன்னனான். கோபுரத்தை ஆர் கலியாணம் கட்டப்போகினம், சப்பாத்து விழவேணும் அண்ணை எண்டு குனிஞ்சு குனிஞ்சு எடுத்தான். பின்னேரம் இருட்டிப் போச்சு. மிச்சத்தை வாற ஞாயிறு எடுப்பம், நீங்கள் எனக்கு எடுங்கோ எண்டான்.”

பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கள் விடிய பொலிஸ்காரர் வந்தவை. அவையின்ர தாளில அவன்ர பேரும் இன்னொரு பொடியன்ர பேரும். நான் குசினியில தேத்தண்ணி வைச்சுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டு வர, வாசலில வான் வெளிக்கிட்டிட்டுது. வேற ஊருக்கு மாத்தினவை எண்டு சிலபேர் சொன்னவை, திருப்பி அனுப்பினவை எண்டு சிலபேர். எழுதுவான் எண்டு பாத்தன். ஒரு கடிதமும் வரேல்லை. அறைக்குள்ள போனா, என்ர கன்வஸ் சப்பாத்து கட்டிலுக்குக் கீழ சோடியா வைச்சுக் கிடக்குது. காயட்டும் எண்டு உள்ளுக்குப் புதுக் கடதாசியும் வைச்சு.”

அவர் அழுதார். நாற்பது பேர் போய்வரும் இடத்தில், பழைய கூட்டாளிகள் ஓட்டும் பஸ்களுக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். நெஞ்சைப் பிடித்தது எனக்குப் பயமாக இருந்தது. “நோகுதோ?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“மிச்ச இருபத்திரண்டையும் நான் ஆரையும் தொட விடேல்லை. அப்பிடியே கழுவக் குடுத்தனான்.”

எனக்கு அந்த நெகற்றிவ் தெரியும். அல்பத்தின் பின்மட்டையில் ஒரு கவருக்குள் இருந்தது. பதினான்குக்குப் பிறகு வெறும் பழுப்பு. ஃபிலிமை இப்படி வீணாக்கியிருக்கிறாரே என்று எத்தனை தடவை நக்கலடித்திருப்பேன்.

“அதுக்காகவோ அங்க போகமாட்டன் எண்டு நிண்டனீங்கள்?”

“போனா அவன்ர முறையெல்லோ” என்றார். “ஆரை நிப்பாட்டி எடுக்கிறது?”

அன்று பின்னேரம் பதினான்காம் படத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அல்பத்தை அவர் தானாகத் திறந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. கீழே விழுந்திருந்த நிழலை விரலால் காட்டினேன். மாலை வெயிலில் அது நீண்டு, அவருடைய சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஓம். அவன்தான். ரண்டு முழங்கையையும் விரிச்சுக்கொண்டுதான் கமராவைப் பிடிப்பான்” என்றார். பிறகு, “எல்லாத்திலயும் நிக்கிறானோ?” என்று கேட்டார்.

“எட்டுப் படத்தில நிக்கிறார்.”

அதற்குப் பிறகு அவரை நடக்கச் சொல்லி நான் ஏசவேண்டி வரவில்லை. தாளில்லாமலே நடந்தார். அடுத்த வருடம் லைசன்ஸும் திரும்பிக் கிடைத்தது. பறக்கலாம் என்று டொக்டரும் சொன்னார். ரிக்கெற் போடுவோமா என்று நான் கேட்கவில்லை. 2009 தொடக்கத்தில் அவரே மகளிடம் சொல்லிப் போடுவித்தார். மே மாதம்.

அந்த ஊருக்குப் பெயர் உண்டு, இங்கே அது வேண்டாம். ரயிலால் இறங்கியதும் அவர் தாளை எடுக்கவில்லை. கால் தானாகப் பாலத்துக்குப் போனது. காற்று உண்மையிலேயே காதைக் கழற்றியது. நான் ஊர் பார்க்க வந்த ஆள். வெட்கமில்லாமல் அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்துக்குக் கூரை இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தில் மணிக்கூடு இருந்தது, அதில் நேரமும் சரியாக இருந்தது. பேராலயத்தின் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடரி நொந்தது. கல்லைத் துளைத்துச் செய்த கோபுரம், உள்ளால் வானம் தெரிகிறது. இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு பார்த்ததில் எனக்குக் கண் கலங்கியது.

ஒன்பதாம் இலக்கப் படியில், அவர் நின்ற அதே இடத்தில் போய் நின்று, சேலையைச் சரிசெய்தேன். மகள் தந்துவிட்ட கமராவோடு அவர் எதிரே நின்றார்.

“கொஞ்சம் அங்கால நில்லும்” என்றார்.

அங்கால நின்றேன்.

“இன்னும் அங்கால. படத்தில விழாமல்.”

அப்போதுதான் விளங்கியது. பாலத்திலும் இப்படித்தான் என்னை விலத்தச் சொன்னார், மண்டபத்திலும் இப்படித்தான். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. நெஞ்சில் கீறல் உள்ள அந்த மனிதர், ஆள் இல்லாத படிக்கு முன்னால் நன்றாகக் குனிந்து, இரண்டு முழங்கையையும் விரித்துக் கமராவைப் பிடித்தார்.

“இஞ்சேருங்கோ, கோபுரம் வெட்டுப்படப் போகுது” என்றேன்.

“தெரியும்” என்றார். “சப்பாத்து விழவேணும்.”

பதினான்கு இடத்திலும் அப்படியே எடுத்தார். சிட்னிக்கு வந்து அவற்றைக் கழுவி, அல்பத்தில் அவருடைய படங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். வெறும் பாலம், வெறும் படி, வெறும் மதில். பின்பக்கத்தில் இலக்கமும் ஒரு வரியும் அவர்தான் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே வரி, ‘போன ஞாயிறு’ என்று.